மச்சான் எறிய, மாப்பிள்ளை பிடிக்க

சின்சினாட்டி
ஏப்ரல் 24, 1927

மாப்ளே தொரிபியோவுக்கு,

எறிந்துவிட்டேன். பேஸ்பாலின் பெரிய லீக்கில், பெரிய மைதானத்தில், முதல் இன்னிங்ஸிலிருந்து கடைசி வரை நானே எறிந்து ஜெயித்தும்விட்டேன். இந்த வரியை முதலில் எழுதிவிட்டுத்தான் உன் நலம், என் தங்கை எலொய்சாவின் நலம், அம்மாவின் நலமெல்லாம் கேட்பது என்று ரயிலில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

குளிர், மாப்ளே. ஏப்ரல் மாதத்தில் எங்கேயாவது விரல் விறைக்குமா? சாந்தா ரீத்தாவில் இந்நேரம் ஆரஞ்சுப் பூ வாசனை ஊரையே தூக்கிக்கொண்டு போகும். இங்கே பந்து எறிகிற மேட்டில் ஏறி நின்றுகொண்டு கையை ஊதி ஊதித்தான் பந்தைப் பிடித்தேன். முதலில் வந்த மட்டைக்காரன் ஒரு மலை. என் வளைபந்து அவன் முழங்காலுக்கு வந்ததும் சட்டென்று கீழே இறங்கியது. மட்டை காற்றை வெட்டியது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் முகத்தைத் தேடினேன். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்தவன் ஓட்டோ என்கிற ஜெர்மன்காரன். பந்தை நன்றாகப் பிடிக்கிறான். ஆனால் வாயைத் திறக்கமாட்டான். நீயாக இருந்தால், "என்னண்ணே, ஏணியில்லாமலே ஆரஞ்சு பறிப்பீங்களோ?" என்று அந்த மலையைக் கேட்டிருப்பாய். அவன் சிரித்து முடிப்பதற்குள் நான் அடுத்த பந்தை எறிந்திருப்பேன்.

பழம் கட்டும் கொட்டகையில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு, களைப்போடு வந்து எனக்காகத் தினமும் குந்தி உட்கார்ந்தாயே, அந்த முழங்கால்கள் இரண்டுக்கும் என் வணக்கத்தைச் சொல். எலொய்சாவைக் கனமாக எதையும் தூக்க விடாதே. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஞானத்தந்தை நான்தான் என்று நீ கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கட்டும்.

உன் மச்சான்
நிக்கானோர்


சாந்தா ரீத்தா, கலிஃபோர்னியா
மே 15, 1927

மதிப்பிற்குரிய திரு. நிக் கேம்ப் அவர்களுக்கு,

பயப்படாதே மச்சான், கடிதம் முகவரி மாறி வரவில்லை. முடிவெட்டும் ஃபிலெமோன் கடைக்கு லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை வந்தது. அதில் நீ இருந்தாய். அந்த இரண்டு காதும் வேறு யாருக்கும் இருக்க முடியாது. கீழே எழுதியிருந்ததை ஃபிலெமோன் உரக்கப் படித்தான்: "நிக் கேம்ப். ஸ்பெயின் தேசத்தின் பழம்பெரும் கஸ்தீல் குடும்பத்து வாரிசு."

அப்புறம் கிழவர் தோன் மக்கேரியோ, முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கஸ்தீலா? அவங்கப்பன் மெக்சிகோ சொனோராவுலேருந்து சரக்கு ரயில்ல, மிளகா மூட்டை மேல உக்காந்துல்ல வந்தான்! பக்கத்து மூட்டைல நான் இருந்தேன்டா!"

கடையே உருண்டு சிரித்தது. நானும்தான். பத்திரிகையை வாங்கிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போனேன்.

"இது என் புள்ளதானே?" என்றார்.

"ஆமாம்மா."

"கீழ என்ன போட்டிருக்கு?"

படித்தேன்.

"அது யாரு?" என்றார். நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவங்கப்பா போயிட்டாரு. பேராவது மிச்சமிருக்கும்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் கத்தரியை எடுத்து, கீழே இருந்த எழுத்தையெல்லாம் வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

நீ ஜெயித்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். வளைபந்து என்ற வார்த்தையை ஃபிலெமோன் படித்தபோது என் உள்ளங்கை எரிந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன், அங்கே ஆடியது யார்?

தொரிபியோ


பிட்ஸ்பர்க்
ஜூன் 2, 1927

தொரிபியோ,

நீ கேலி செய்து முடித்துவிட்டாய் என்றால் நடந்ததைக் கேள். ஒப்பந்தத்தை என் முன்னால் வைத்துவிட்டு மேனேஜர் சொன்னது இதுதான்: "கம்பான்னு போட்டா மெக்சிகன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஓட்டல்ல ரூம் குடுக்கமாட்டான். பத்திரிகைக்காரன் கிழிப்பான். கேம்ப்னு வெச்சிக்கோ. ஸ்பெயின்காரன்னு நாங்க சொல்லிக்கறோம். நீ வாயைத் தொறக்காம பந்தை மட்டும் எறி."

நான் தலையாட்டினேன். நீ என்ன செய்திருப்பாய்? மானம் பெரிது என்று திரும்பி வந்து பழப்பெட்டி தூக்கியிருப்பாயா? இங்கே ஓட்டல் வாசலில் நிற்கும்போதெல்லாம் யாராவது என் பெயரைக் கேட்டுவிடுவார்களோ என்று நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வது ஃபிலெமோன் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆட்டக்காரர்களைத் தேடி நம் ஊருக்கு வந்த அந்த மனிதர் உன்னையும்தான் பார்த்தார். அரை இன்னிங்ஸ் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் பெயரை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உன்னை யாரும் கேட்கவே இல்லை.

இந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நிக்கானோர்


சாந்தா ரீத்தா
ஆகஸ்ட் 8, 1927

நிக்கானோர்,

பெண் குழந்தை. ஓத்திலியா என்று பெயர் வைத்திருக்கிறோம். தாயும் பிள்ளையும் நலம்.

நேற்று ஞானஸ்நானம். ஏட்டில் எழுதுவதற்கு ஞானத்தந்தையின் பெயரைப் பாதர் கேட்டார். உன்னுடைய எந்தப் பெயரைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஃபிலெமோன் பக்கத்தில் நின்றான். அவனையே எழுதிக்கொண்டார்.

அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நானும் பார்த்தேன். நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எலொய்சா விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

தொரிபியோ


சிகாகோ
செப்டம்பர் 12, 1927

மாப்ளே,

இப்படி அழைக்கலாமா என்று தெரியவில்லை. அழைத்துவிட்டேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆட்டம். எதிரணிக்காரர்கள் என்னை மோப்பம் பிடித்துவிட்டிருந்தார்கள். நான் மேட்டில் ஏறியதும் பெஞ்சிலிருந்து "ஏய் தமாலே! தமாலே!" என்று ஒரே கூச்சல். கிறிஸ்துமஸுக்கு அம்மா சோள மடலில் வைத்துக் கட்டி அவிக்கிற பண்டம், இவர்கள் வாயில் வசவாகிவிட்டது. நான் கேட்காதவன் மாதிரி நின்றேன். ஸ்பெயின்காரனுக்குத் தமாலே தெரியாதே.

ஆட்டம் பாதி ஓடியிருக்கும். வெயில் அடிக்கும் மலிவு டிக்கெட் பக்கத்திலிருந்து ஒரு ட்ரம்பெட் கேட்டது. பிறகு ஒரு மேளம். பிறகு, "கம்பா! நிக்கானோர் கம்பா!" என்று ஒரு குரல். அடுத்த நொடியே அந்தப் பக்கம் முழுக்க அதே கூச்சல். எஃகு ஆலையில் வேலை செய்கிற நம் ஆட்கள், மாப்ளே. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, பெண்கள், கைக்குழந்தைகள், ஒரு பாதர்கூட. படுக்கை விரிப்பு ஒன்றை நாலு பேர் பிடித்திருந்தார்கள். அதில் கொட்டை எழுத்தில்: நிக்கானோர் கம்பா, சாந்தா ரீத்தாவின் பிள்ளை.

நான் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பந்தை எறிந்தேன். அது எங்கேயோ போனது. அடுத்ததும் அப்படியே. ஓட்டோ எழுந்து மேட்டுக்கு நடந்து வந்தான். இந்த வருடம் அவன் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இது:

"அவங்க யாரைக் கூப்பிடறாங்க?"

"என்னைத்தான்."

"அப்ப திரும்பிப் பாரேன். பெரியவங்க சின்னவங்க எல்லாம் வந்திருக்காங்க, மரம் மாதிரி நிக்கிறே."

தொப்பியைக் கழற்றி அவர்கள் பக்கம் திரும்பினேன். அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. அதற்குப் பிறகு எனக்குக் கை இருந்ததே தெரியவில்லை. பந்து தானாகப் போனது. ஜெயித்தோம்.

உடை மாற்றும் அறைக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். "கேம்ப், அந்தக் கூட்டம் யாரு?"

"எங்க சனங்க" என்றேன். "என் பேரு கம்பா. நான் மெக்சிகன். கலிஃபோர்னியாவுல சாந்தா ரீத்தாதான் என் ஊரு. எங்கப்பா மிளகா மூட்டை மேல உக்காந்து வந்தவரு. ஸ்பெயினை நான் படத்துலகூடப் பாத்ததில்ல. எழுதிக்கிங்க."

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. என்னைத் தனியே இழுத்துப்போய், "ஜெயிக்கிற வரைக்கும் எந்தப் பேர்ல வேணா ஜெயி. தோக்க ஆரம்பிச்சே, அந்தப் பேரையும் தூக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்றார். நியாயமான பேச்சாகத்தான் எனக்குப் பட்டது.

வெளியே அவர்கள் காத்திருந்தார்கள். கிரெசென்சியோ என்பவர், இரண்டு கையிலும் உலைத் தழும்பு, என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி மிளகாய்க் குழம்பும் சுடச்சுடத் தோர்த்தியா ரொட்டியும் போட்டுக்கொண்டே இருந்தாள். என் ஊர் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "உங்க மாப்பிள்ளை கடுதாசி எழுதியிருந்தாரு. 'என் மச்சானுக்குத் தன் பேரு மறந்துபோச்சு, நீங்க கொஞ்சம் சத்தமா ஞாபகப்படுத்துங்க'ன்னு."

எனக்குக் கண்ணில் நீர் வந்தது. காரம் என்று சொன்னேன். அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூன் மாதம் நான் எழுதியதற்குப் பிறகும் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை நீ எழுதியிருக்கிறாய். மாப்ளே, நன்றி என்பது சின்ன வார்த்தையாக இருக்கிறது. இப்போதைக்கு அதை வைத்துக்கொள்.

நிக்கானோர் கம்பா


சாந்தா ரீத்தா
அக்டோபர் 3, 1927

மச்சானுக்கு,

ரொம்ப உருகாதே. கோபத்தில்தான் எழுதினேன். தண்டவாளம் போடும் கூட்டத்தில் என் சித்தப்பா மகன் இருக்கிறான் அல்லவா, அவனிடம் கொடுத்தேன். அவன் கான்சாஸில் யாருக்கோ கொடுத்திருக்கிறான், அந்த ஆள் சிகாகோவுக்கு. நாலு பேர் போய்க் கத்தி இவனை வெட்கப்பட வையுங்கள் என்றுதான் கேட்டிருந்தேன். ட்ரம்பெட்டும் பாதரும் அவர்களாகச் சேர்த்தது. அவர்களுக்கு நான்தான் நன்றி எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

புதுப் பத்திரிகையை உன் அம்மாவிடம் காட்டினேன். உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். கத்தரியை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "போடா வெட்டிப்பயலே" என்றார். எனக்கு அது போதும்.

வசந்த காலத்தில் பிஷப் வருகிறார். நம் வழக்கப்படி கைக்குழந்தைக்கே செய்துவிடும் உறுதிபூசுதல் சடங்குக்கு, ஓத்திலியாவுக்கு இன்னொரு ஞானத்தந்தை வேண்டும். ஃபிலெமோன் தானே இருந்துகொள்வதாக அலைகிறான். நான் ஆள் வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

எலொய்சா சொல்கிறாள், அப்படியே எழுதச் சொன்னாள்: "நீங்க ரெண்டு ஆம்பளைங்க சண்டை போட்டு ராசியாகறதுக்குள்ள நான் ஒரு புள்ளையே பெத்துட்டேன்."

தொரிபியோ


சாந்தா ரீத்தா
பிப்ரவரி 20, 1931

மச்சானுக்கு,

உன் தோள் எப்படி இருக்கிறது? பெரிய லீக்கிலிருந்து இறங்கி ஓக்லண்டு டீமுக்கு வந்தபோது நீ முகம் சுளிக்கவில்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நமக்கு அருகில் வந்தாயே என்று நான் சந்தோஷப்பட்டேன். அதனால் இந்தச் செய்தியை உனக்கு எழுதவே மனமில்லை.

நாடு முழுக்க இருக்கிற பஞ்சம் இங்கேயும் வந்துவிட்டது, கொட்டகையில் வேலை இல்லை. முதலில் மெக்சிகன்களை நிறுத்தினார்கள். பிறகு மாவட்ட அலுவலக ஆட்கள் வீடு வீடாக வர ஆரம்பித்தார்கள். நல்ல சட்டை, நல்ல பேச்சு. "ரயில் இலவசம். உங்க ஊருக்கே போயிடுங்க."

"எங்க ஊர்லதான் நின்னுட்டிருக்கேன்" என்றாள் எலொய்சா. "நான் பொறந்தது அதோ அந்த முக்கு வீட்டுல. என் புள்ளைங்க பொறந்தது இந்த வீட்டுல."

"புருஷன் மெக்சிகன்தானே? புருஷன் இருக்கற எடம்தானேம்மா பொண்டாட்டிக்கு ஊரு?"

நான் சொனோராவில் பிறந்தவன். கைக்குழந்தையாக இங்கே வந்தேன். என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. போகாவிட்டால் நிவாரண ரொட்டியும் பாலும் நின்றுவிடும் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஓத்திலியாவோடு இப்போது சின்னவன் லீனோவும் இருக்கிறான். பால் நின்றால் என்ன செய்வேன்?

மார்ச் கடைசியில் ரயில். உன்னிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அம்மா இங்கேயே இருக்கட்டும், நீ பார்த்துக்கொள்.

தொரிபியோ


ஓக்லண்டு
ஏப்ரல் 5, 1931

மாப்ளே,

நீங்கள் நல்லபடி போய்ச் சேர்ந்தீர்களா? லீனோவுக்கு ரயிலில் காய்ச்சல் வரவில்லையே?

உங்களை அனுப்பாதீர்கள் என்று கேட்க நாம் போன அந்த மாவட்ட அலுவலகத்தை என்னால் மறக்க முடியவில்லை. நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். உள்ளே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. அந்த அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "கம்பாவா? நிஜமாவே நீங்களா? என் பையன் உங்க படத்தைச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கான்!" என்றான். அப்பாடா, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். உங்கள் எல்லோருடைய பெயரையும் சொன்னேன். என் தங்கை இந்த நாட்டில் பிறந்தவள் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பந்தை எடுத்தான். மகனுக்காகக் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன், முழுப் பெயரையும். பந்தைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை ரயில். சீக்கிரமே வந்துடச் சொல்லுங்க, கூட்டமா இருக்கும்" என்றான். ரொம்ப மரியாதையாக.

அந்தப் பந்தை நான் அவன் ஜன்னல் கண்ணாடி மேல் எறிந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன மனிதன் நான்?

நிக்கானோர்


நவொஹோவா, சொனோரா
மே 10, 1931

மச்சானுக்கு,

ஜன்னலை உடைத்திருந்தால் ரயில் நின்றிருக்குமா? நீ சிறையில் இருந்திருப்பாய். எங்கள் மெத்தையை யார் தூக்கியிருப்பார்கள்?

நீ உன்னையே திட்டிக்கொள்வதை நிறுத்து. நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேள். அன்றைக்கு அந்த பிளாட்பாரத்தில் இருந்தவர்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஏதோ திருடிவிட்டு அகப்பட்டவர்கள் மாதிரி. நீ நல்ல கோட்டும் தொப்பியுமாக வந்தாய். "கம்பா வந்திருக்காரு!" என்று யாரோ சொன்னார்கள். எல்லாத் தலையும் நிமிர்ந்தது. நீ கோட்டைக் கழற்றி எலொய்சாவிடம் கொடுத்தாய். எங்கள் மூட்டைகளை ஏற்றினாய். பிறகு பக்கத்துக் குடும்பத்தின் மூட்டைகளை. பிறகு எவரென்றே தெரியாதவர்களின் பெட்டிகளை, இரும்புக் கட்டிலை, ஒரு கிழவியின் தையல் மெஷினை. தோள் ஆகாது என்று தெரிந்தும், ரயில் நகரும் வரை நீ நிறுத்தவில்லை. எங்கள் பெட்டியில் அழுதுகொண்டிருந்த அந்தக் கிழவி, "என் தையல் மெஷினைக் கம்பா தூக்கி வெச்சாரு" என்று எல்லைவரை சொல்லிக்கொண்டே வந்தாள். அழுகை நின்றுவிட்டது. இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்?

எனக்கு இங்கே ரயில் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளைத் தெருவில், அமெரிக்கக்காரனைத் திட்டும் வார்த்தையால், "கிரிங்கோ" என்று கூப்பிடுகிறார்கள். ஓத்திலியா வீட்டுக்கு வந்து, "அங்க மெக்சிகன்னாங்க, இங்க கிரிங்கோங்கறாங்க, நான் யாருன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்கிறாள். அப்படியே அவள் அம்மா.

பட்டறைக்கு ஒரு டீம் இருக்கிறது. குந்துகிற வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பந்து எறிகிறவன் ஒரு கொல்லன். எங்கே எறிவான் என்று அவனுக்கே தெரியாது. நீ எவ்வளவு நல்லவன் என்பது அவனைப் பிடிக்கும்போதுதான் புரிகிறது.

தொரிபியோ


சாந்தா ரீத்தா
செப்டம்பர் 18, 1932

மாப்ளே,

முடிந்துவிட்டது. என்னை டீமிலிருந்து விடுவித்துவிட்டார்கள். கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் உள்ளே ஏதோ கிழிகிறது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "பந்தை மறந்துட்டு வேற எதாவது பாருங்க" என்றார்.

அந்தப் பெட்டிகளைத் தூக்கியதால்தான் என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். எலொய்சா காதில் அது விழுந்தால் நம்ப விடாதே. தோள் அதற்கு முன்பே போய்விட்டது. 1929லேயே போய்விட்டது. இதை அவளிடம் கண்டிப்பாகச் சொல்.

அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்க்கிறார். கடைத்தெருவில் எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை. ஃபிலெமோன் காசு வாங்காமல் முடிவெட்டுகிறான்.

நான் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எறியத் தெரியும். வேறு எதுவும் தெரியாது.

நிக்கானோர்


நவொஹோவா
அக்டோபர் 9, 1932

மச்சானுக்கு,

உடனே கிளம்பி வா. இது யோசனை இல்லை, உன் தங்கையின் உத்தரவு.

டாக்டர் சொன்னது வேகமாக எறிகிறவர்களுக்கு. இங்கே யாருக்கும் அவசரமில்லை. தோளுக்குக் கீழேயே கையை வைத்து மெதுவாக எறி. குழந்தைக்கு எறிவது போல எறி. மட்டைக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வாய்க்கு இன்னும் வயதாகவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எலொய்சாவின் பிறப்புச் சான்றிதழை எல்லையில் இருக்கிற அமெரிக்க அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்டோம். அவளும் பிள்ளைகளும் எப்போது வேண்டுமானாலும் போகலாமாம். நான் போக முடியாது. பிள்ளைகளின் படிப்புக்காக நீ போ என்றேன். அவள் சொன்னதைக் கேள்:

"அன்னிக்கு, புருஷன் இருக்கற எடம்தான் உன் ஊருன்னு ரயில்ல ஏத்துனானுங்க. இன்னிக்கு, புருஷனை விட்டுட்டு வந்தா ஊரு உன்னதுங்கறானுங்க. அவனுங்களுக்கு வேற வேலை இல்ல. நான் எங்கயும் போகல."

ஓத்திலியா படிக்க வேண்டிய பெண், மச்சான். எனக்கு வழி தெரியவில்லை. நீ வந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து யோசிக்கலாம்.

தோள் விஷயத்தை எலொய்சாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். பிறகு நெடுநேரம் துணி துவைத்தாள்.

தொரிபியோ


நொகாலெஸ், அரிசோனா
ஏப்ரல் 23, 1933

மாப்ளேக்கும் தங்கச்சிக்கும்,

உங்களைப் பிரிந்து வந்ததிலிருந்து வீட்டு ஞாபகம்தான். நவொஹோவாவில் உங்களோடு இருந்த அந்தக் குளிர்காலம் முழுக்க நான் எறிந்த பந்துகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒரு ஆமைகூட அதைவிட வேகமாகப் போகும். வஸ்மாஸ் ஊர்க்காரன் ஒருவன் மட்டையை இரண்டு முறை சுழற்றிய பிறகும் பந்து வந்துசேரவில்லை. "பொறுங்கண்ணே, பந்து சாப்பிட உக்காந்திருக்கு" என்று நீ அவனிடம் சொன்னாயே, நடுவரே திரும்பி நின்று சிரித்தார். பெரிய மைதானங்களில் ஜெயித்தபோது எனக்குப் பெருமை இருந்தது. இந்தக் குளிர்காலத்தில்தான், சின்ன வயதில் இருந்த மாதிரி, ஆட சந்தோஷமாக இருந்தது. அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தது நீங்கள் இருவரும்தான். நேரில் சொல்ல வாய் வரவில்லை. ரயிலில் ஏறி ஜன்னல் வழியே கையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சாந்தா ரீத்தாவுக்குப் போகவில்லை. எல்லையில் இறங்கினேன், இங்கேயே இருந்துவிட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

இது ஒரே ஊர். நடுவில் ஒரு தெரு, ஒரு வேலி. இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் மெக்சிகோ. இரண்டு பக்கத்திலும் நொகாலெஸ் என்றுதான் பெயர். காலையில் வேலிக் கதவுகளைத் திறந்ததும் தக்காளி வண்டிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதன் வழியே போகிறார்கள், வருகிறார்கள். இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைகள் அந்தப் பக்கம் தூங்கிவிட்டு இந்தப் பக்கம் படிக்கிறார்கள். காவலர் தலையை அசைப்பதோடு சரி.

மூன்று நாள் அந்தக் கதவருகே நின்று பார்த்தேன். நாலாம் நாள் அந்தப் பக்கம் போய் ரயில் பட்டறை மேஸ்திரியைப் பார்த்தேன். தோன் அதனாசியோ என்று பெயர். அவர் பிப்ரவரியில் நவொஹோவாவில் நம் ஆட்டத்தைப் பார்த்தவராம். என்னை அவருக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. "அந்த வாயாடி கேட்சர்தானே? அவனை அனுப்பு, அடுத்த மாசமே வேலை" என்றார். பார்த்தாயா மாப்ளே, இந்தத் தடவை உன்னைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நான் இந்தப் பக்கம் தக்காளி கட்டும் கொட்டகையில் கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன். அந்தப் பக்கம், வேலியிலிருந்து கூப்பிடும் தூரத்தில், மேட்டின் மேல் ஒரு வீடு பிடித்திருக்கிறேன். முற்றத்தில் ஒரு மாதுளை. கூரை ஒரு இடத்தில் ஒழுகும். மழைக்கு முன் சரி செய்துவிடலாம். எலொய்சா, நீ அவனை விட்டு வர வேண்டாம். எல்லோரும் ஒரே வீட்டில் தூங்குங்கள். காலையில் பிள்ளைகளைக் கதவுவரை கூட்டிவா. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகத் தாய்மாமன் நான் நிற்பேன். தலைமையாசிரியை அம்மாளைப் பார்த்துப் பேசிவிட்டேன். ஓத்திலியாவுக்கு இப்போதே இடம் இருக்கிறது, லீனோவுக்கு வயது வந்ததும்.

அம்மாவுக்கு எழுதினேன். "எனக்கும் ஒரு கட்டில் போடு" என்று பதில் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. இங்கே ஞாயிற்றுக்கிழமை டீம் இரண்டு இருக்கிறது, வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நான் வந்திருப்பது தெரிந்து இரண்டு பேரும் என்னைத் தேடி வந்துவிட்டார்கள். கொட்டகை வாசலிலேயே அவர்களுக்குள் சண்டை. "நீங்க அமெரிக்கால பொறந்தவரு, எங்களுக்குத்தான் எறியணும்" என்றான் ஒருவன். "அவரு கம்பா, நம்ம ஆளு, எங்களுக்குத்தான்" என்றான் மற்றவன். கடைசியில் இரண்டு பேரும் என்னிடமே திரும்பி, "நீங்களே சொல்லுங்க, எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள்.

"எங்க மாப்பிள்ளை எந்தப் பக்கம் குந்தறானோ, அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டேன்.

நிக்கானோர்